வதக்கல் எங்கே முடிகிறது, வறுத்தல் எங்கே தொடங்குகிறது?

கேள்வி இதுதான்: எண்ணெய் விட்டுக் கிளறினால் வதக்கல், விடாமல் கிளறினால் வறுத்தல் என்று வைத்துக்கொள்ளலாமா? அப்படியானால் எண்ணெய் மினுமினுக்கும் சிக்கனுக்கு ஏன் வறுவல் என்று பெயர்? பொரிப்பது, தாளிப்பது, வாட்டுவது எல்லாம் இதில் எங்கே வருகின்றன? ஏர் ஃப்ரையரில் செய்வதை எந்தச் சொல்லால் சொல்வது? கேட்டவர் வேலைக்காக வெளியூரில் இருக்கிறார். கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் மாமியார் போனில், "வெங்காயம், மல்லி எல்லாத்தையும் நல்லா வணக்கி அரைச்சுக்கோ கண்ணு" என்கிறார். அதே குழம்புக்கு ஒரு வீடியோவில் "பொன்னிறமாக வறுத்து அரைக்கவும்" என்கிறார்கள். செய்யும் ஒவ்வொரு தடவையும் குழம்பு ஒவ்வொரு ருசியாக வருகிறதாம். சொல்லுக்கு அர்த்தம் கேட்பது போல இருந்தாலும், அடுப்பை எப்போது அணைப்பது என்பதுதான் அவருடைய உண்மையான சந்தேகம் என்று எனக்குப் படுகிறது. அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே வருகிறேன்.

ஈரோடு, திருப்பூர் பக்கத்துக் கல்யாணச் சமையலில் பல வருஷம் அண்டாவோடு நின்றவன் நான். இப்போது கோவையில் கேட்டரிங் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு வரும் பிள்ளைகள் மனதிலும் இந்த எண்ணெய்க் கணக்குதான் முதலில் இருக்கும். அது நிற்காத கணக்கு. முந்திரியை நெய்யில் வறுக்கிறோம், ரவையை நெய் விட்டு வறுக்கிறோம். முந்திரியை வதக்கு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "வெறும் சட்டியில் வறு" என்று தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே, எண்ணெய் விட்டும் வறுக்கலாம் என்பதால்தான். இன்னொரு பக்கம், ஒத்தடம் கொடுக்க நொச்சி இலையைச் சொட்டு எண்ணெய் இல்லாமல் சட்டியில் போட்டு வதக்குகிறார்கள். ஆக, எண்ணெயை வைத்துச் சொல் மாறுவதில்லை. சட்டிக்குள் கிடக்கும் பொருளுக்கு என்ன ஆகிறது, அதில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு வெளியேறுகிறது என்பதை வைத்துத்தான் மாறுகிறது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, இலக்கணத்திலேயே இருக்கிறது. அடங்கு, அடக்கு, திருந்து, திருத்து என்று பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். அதே வரிசையில்தான் வதங்கு, வதக்கு வருகிறது. வதங்குவது வெங்காயம், அதை வதங்க வைப்பதுதான் நம் வேலை. அதாவது விறைப்பு போய், துவண்டு, மெத்தென்று ஆகும்வரை. வெயிலில் அலைந்துவிட்டு வருபவரைப் பார்த்து "என்னங்க, இப்படி வதங்கிப் போயி வந்திருக்கீங்க" என்று கேட்கிறோமே, அதே சொல். மாமியார் சொன்ன "வணக்கு" எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலருடைய வாயில் வருவதுதான்; கொங்குக்கு வெளியே, தெற்கே சில இடங்களிலும் கேட்டிருக்கிறேன். வதக்கு என்பதுதான் அப்படித் திரிந்ததா, அல்லது வளைதல் என்ற பொருளுள்ள வணங்கு என்பதிலிருந்து வந்ததா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். "வெங்காயம் வணங்கட்டும்" என்று சொல்லும்போது விறைப்பாக இருந்தது வளைந்து கொடுக்கிற மாதிரிதான் காதில் விழுகிறது. சமைப்பவருக்கு அது போதும்.

இனி சட்டிக்குள் பார்ப்போம். பெரிய வெங்காயத்தில் நூற்றுக்கு 89 பங்கு தண்ணீர், சின்ன வெங்காயத்தில் சுமார் 80. நறுக்கிக் காய்ந்த எண்ணெயில் போட்டதும் 'சொர்ர்' என்று ஒரு சத்தம் வருகிறதே, அது வெங்காயத்தின் தண்ணீர் ஆவியாகிற சத்தம். இந்தச் சத்தம் இருக்கும்வரை அடுப்பை எவ்வளவு தூக்கி வைத்தாலும் வெங்காயத்தின் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது; தண்ணீர் தாண்ட விடாது. அதனால்தான் இந்தக் கட்டத்தில் வெங்காயம் வெந்து துவளுகிறதே தவிர சிவப்பதில்லை. முதலில் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகும், பிறகு துண்டு முழுவதும். கரண்டியால் அழுத்தினால் உடையாமல் நசுங்கும். காரம் போய் ஒரு இனிப்பு வாசம் எழும். வதக்கல் இங்கே முடிந்தது. இன்னும் அடுப்பில் விட்டால் சத்தம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் சட்டி கிட்டத்தட்ட அமைதியாகிவிடும். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு சூடு மளமளவென்று ஏறும். 140 டிகிரி வாக்கில் வெங்காயத்தில் இருக்கும் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து சிவக்கத் தொடங்கும். இப்போது நீங்கள் செய்துகொண்டிருப்பது வறுத்தல். அடுப்பு, கரண்டி, எண்ணெய் எதுவும் மாறவில்லை. பெயர் மட்டும் மாறிவிட்டது. பிள்ளைகளிடம் நான் சொல்வது, கண்ணை விடக் காதை நம்பு என்பதுதான். அதிலும் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லா வெங்காயமும் பொன்னிறமாகத்தான் தெரியும்.

இதிலிருந்தே கைப்பழக்கத்துக்கு ஒன்றிரண்டு விஷயம் கிடைக்கும். வெங்காயத்தோடு முதலிலேயே உப்புப் போட்டால் சீக்கிரம் வதங்கும், உப்பு உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும் என்பதால். பிரியாணிக்கு மேலே தூவ மொறுமொறுவென்று வேண்டுமென்றால் அதே காரணத்துக்காக முதலில் உப்புப் போடக் கூடாது. சின்னச் சட்டியில் நிறைய வெங்காயத்தைக் கொட்டினால் ஆவி வெளியேற வழியில்லாமல் அது தன் தண்ணீரிலேயே வேகும். பள்ளத்தில் நீர் தேங்கும், நிறமும் வராது. கல்யாண வீட்டில் பத்துக் கிலோ வெங்காயத்தை அகலமான வடச்சட்டியில் பரப்பிப் போடுவது இதற்காகத்தான். வெண்டைக்காய் இன்னொரு மாதிரி. அதை மூடி போட்டு வதக்கினால் கொழகொழப்பு போகவே போகாது. திறந்து வைத்து வதக்கி, உப்பைக் கடைசியில் போட வேண்டும்.

வறுத்தல் என்பது ஈரத்தை முழுக்க ஓட்டுவது. மல்லி, மிளகு, கொள்ளு, உளுந்து போன்றவற்றில் துவளுவதற்கு ஒன்றும் இல்லை. ஏற்கெனவே காய்ந்த பொருள்கள் அவை. மிச்சமிருக்கும் கொஞ்ச ஈரமும் போய், நிறம் மாறி, வாசம் கிளம்ப வேண்டும். கையில் எடுத்து நசுக்கினால் நொறுங்க வேண்டும். அதனால் மல்லியை வதக்க முடியாது, வறுக்கத்தான் முடியும். அதே மாதிரி தக்காளியை வறுக்க முடியாது. "தக்காளி மசியும்வரை வதக்கவும்" என்பார்கள், "எண்ணெய் பிரியும்வரை" என்பார்கள்; இரண்டாவது, தண்ணீர் ஏறக்குறைய சுண்டிவிட்டது என்பதற்கு அடையாளம். இரண்டு பக்கமும் போகக்கூடிய பொருள் தேங்காய். துருவிப் போட்டு ஈரம் லேசாகப் போனதும் எடுத்தால் வதக்கியது, செக்கச்செவேலென்று ஆகும்வரை விட்டால் வறுத்தது. ஒரே தேங்காய்தான், குழம்பு மட்டும் இரண்டு.

மாமியாரின் குழம்புக்கு வருவோம். எங்கள் பக்கத்துக் குழம்பின் அடிப்படையே வதக்கி அரைப்பதுதான். இரும்பு வடச்சட்டியில் கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட்டு, முதலில் மல்லியும் வரமிளகாயும் மிளகும் சீரகமும் விழும். அவை வாசம் விட்டதும் சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. கடைசியில் தேங்காய். நுணுக்கமாகப் பார்த்தால் மல்லி வறுபடுகிறது, வெங்காயம் வதங்குகிறது, தேங்காய் சும்மா சூடேறுகிறது. ஆனாலும் மொத்தத்துக்கும் ஒரே சொல்லாக "வணக்கி" என்பார்கள். காரணம் இருக்கிறது. வெங்காயம் விழுந்ததும் அதன் தண்ணீர் சட்டியின் சூட்டை இறக்கிவிடும், மல்லி அதற்குமேல் சிவக்காது. எல்லாமே வெங்காயத்தின் பதத்துக்குக் கட்டுப்பட்டு நின்றுவிடுகின்றன. அணைக்கும் நேரத்தைச் சொல்வது வெங்காயம்தான். வீடியோவில் சொன்னபடி எல்லாவற்றையும் பொன்னிறமாக வறுத்தால் வெங்காயத்தின் தண்ணீர் முழுக்கப் போய், அதற்குப் பிறகு மல்லியும் மிளகாயும் சூட்டில் மாட்டிக்கொள்ளும். குழம்பு கருஞ்சிவப்பாக, லேசான கசப்போடு வரும். அதுவும் தப்பான குழம்பு இல்லை, வறுத்தரைத்த குழம்பு. உங்கள் மாமியார் கேட்பது அது இல்லை, அவ்வளவுதான். வெங்காயம் நசுங்கும் பதம் வந்ததும் அணைத்துவிட்டு ஆறவிட்டு அரையுங்கள். கொள்ளுக் கடைசலுக்கு வெங்காயமும் பூண்டும் வதக்கும்போதும் இதே பதம்தான்.

சிக்கன் வறுவல் பெயருக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பள்ளிபாளையம் சிக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டுக்கு எதிரே, காவிரிக்கு அந்தக் கரையில், நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிற ஊரின் பெயரால் வந்த கறி. மல்லித்தூள், கரம் மசாலா எதுவும் அதற்கு வேண்டாம். சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய் கணிசமாக, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், அவ்வளவுதான். எண்ணெயில் மிளகாயும் வெங்காயமும் போட்டால் முதலில் வதங்கல். கோழி விழுந்ததும் அது தண்ணீர் விடும். தனியாகத் தண்ணீர் ஊற்றாமல், தேவைப்பட்டால் ஒரு தெளிப்பு மட்டும் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே கறி வேகும். பிறகு அந்தத் தண்ணீர் சுண்டும். சத்தம் அடங்கி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, கறி சட்டியில் ஒட்டப் பார்க்கும் நேரத்தில்தான் கடைசி ஐந்து நிமிஷம் வறுபடுகிறது. வதங்கி, வெந்து, சுண்டி, வறுபட்டு என்று நான்கு வேலை நடந்தாலும் பெயர் கடைசி வேலையின் பேரில் நிற்கிறது. ஈரம் இல்லாமல் முடிந்தால் வறுவல். ஈரத்தோடு இறக்கினால் எங்கள் ஊரில் "இதென்னங்க, குழம்பு மாதிரி இருக்குது" என்று இலையில் உட்கார்ந்தவர் கேட்டுவிடுவார்.

அதே அளவுகோலை வைத்துப் பார்த்தால் நேந்திரங்காய் வறுவலும் சரியான பெயர்தான். அது எண்ணெயில் முங்கி வேகிறது. ஆனால் கடைசிச் சொட்டு ஈரமும் போய் மொறுமொறுவென்று ஆகும்வரை. எண்ணெயில் முங்கியதெல்லாம் பொரித்தது என்றால் அதைப் பொரியல் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் பொரியல் என்று நாம் சொல்வதோ பீன்ஸையும் கோஸையும் தாளித்து, தண்ணீர் தெளித்து வேகவைத்து, தேங்காய்ப்பூ தூவி இறக்குவது. அதில் கடுகைத் தவிர எதுவும் பொரிவதில்லை! வினைச்சொல்லை நம்பலாம், பண்டத்தின் பெயரை அந்த அளவுக்கு நம்ப முடியாது. பெயர்கள் ஊருக்கு ஊர் இஷ்டப்படி போய்விட்டன. யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஏறக்குறைய நம் பொரியல் மாதிரியான ஒன்றை வறை என்கிறார்கள்.

பொரி என்ற வினைக்கு அடிப்படை, உள்ளிருந்து உப்பி வெடித்துத் திறப்பது. ஆயுத பூஜைக்குப் படைக்கும் பொரியைப் பாருங்கள். சூடான மணலில் அரிசி விழுந்ததும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, அரிசியை உப்ப வைத்துவிடும்; எண்ணெய்க்கு அங்கே வேலையே இல்லை. கோழி குஞ்சு பொரிப்பதும் இதே சொல்தான், ஓடு உடைகிறது. கடுகு பொரிகிறது, எண்ணெயில் அப்பளம் பொரிகிறது, மோர் மிளகாய் பொரிகிறது. இதெல்லாம் சந்தேகமில்லாத இடங்கள். மீன், கோழி, முட்டை என்று வரும்போது 'எண்ணெயில் முக்கி எடு' என்ற பொருளுக்குச் சொல் விரிந்திருக்கிறது. எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்கும். மேல்தோல் சீக்கிரம் உலர்ந்து இறுகும், உள்ளே ஈரம் கணிசமாக மிஞ்சும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பதம் என்றால் பொரித்தது. உள்ளும் புறமும் உலர்ந்தது என்றால் வறுத்தது. தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடும் மீனை வறுவல் என்பவர்களும் உண்டு, பொரிச்சது என்பவர்களும் உண்டு. அங்கே கோடு மங்கல்தான், யாரையும் திருத்தப் போக மாட்டேன்.

இந்த ஒழுங்குக்குள் அடங்காத சொல் சுடு. சோளக்கதிரை நெருப்பில் சுடுகிறோம், தோசை சுடுகிறோம், பணியாரம் சுடுகிறோம், அதோடு எண்ணெயில் முக்கி எடுக்கும் வடையையும் சுடுகிறோம். காக்கா தூக்கிப் போன வடையைப் பாட்டி சுட்டாள் என்றுதான் கதை. பொரித்தாள் என்று ஒரு குழந்தை கூடச் சொல்லாது. தீபாவளி சமயத்தில் எங்கள் ஊர்களில் "பலகாரம் சுட்டாச்சுங்களா?" என்பதுதான் விசாரிப்பு. மாவாக இருந்ததைச் சூட்டில் வைத்து உருவமுள்ள பண்டமாக்கினால் சுடுவது என்று ஒரு விதி சொல்லலாம். கச்சாயம், முறுக்கு, ஒப்பிட்டு எல்லாம் அதற்குப் பொருந்தும். ஆனால் கத்திரிக்காயையும் கருவாட்டையும் சுடுவது நேரடி நெருப்பு என்ற பழைய பொருளில். அப்பளத்துக்கு இரண்டும் தெளிவாகப் பிரிந்திருக்கிறது: எண்ணெயில் பொரிப்பது, தணலில் சுடுவது.

வாட்டுவது வதக்குவதற்குத் தங்கச்சி மாதிரி. வாடு, வாட்டு. பொட்டலம் கட்ட வாழை இலையை அனலில் காட்டுகிறோமே, அதுதான் சுத்தமான வாட்டல். இலை நிறம் லேசாக மாறி, மடித்தால் கிழியாத அளவுக்குத் துவளும். சூடு மேலோட்டமாகப் படும், கிளறுவது கிடையாது, பொருள் உள்ளே வேக வேண்டியதும் இல்லை. ரொட்டியைத் தோசைக்கல்லில் வாட்டுவது என்கிறோம். ரொட்டி துவளவா செய்கிறது என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. மேலோட்டமான சூடு என்ற பாதிப் பொருள் மட்டும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தாளிப்பது இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. மற்ற சொற்கள் பொருளுக்கு என்ன ஆகிறது என்று சொல்கின்றன; தாளிப்பில் கவனம் எண்ணெய் மேல். கடுகு, சீரகம், மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றின் வாசமும் காரமும் தண்ணீரை விட எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். அந்த எண்ணெயைச் சட்னிக்கோ பருப்புக்கோ ரசத்துக்கோ ஊட்டுவதுதான் தாளிப்பு. அதனால்தான் "சட்னியைத் தாளிச்சுட்டியா?" என்று கேட்கிறோம், சட்னி அடுப்பைப் பார்த்தே இருக்காது என்றாலும். உன்னிப்பாகப் பார்த்தால் ஒரு தாளிப்புக் கரண்டிக்குள் கடுகு பொரிகிறது, உளுந்து வறுபடுகிறது, வெங்காயம் போட்டால் அது வதங்குகிறது. மூன்றுக்கும் மூன்று நேரம். கடுகு முழுக்க வெடித்து ஓயுமுன் உளுந்து, அது சிவக்கத் தொடங்கியதும் வரமிளகாய், கடைசியில் கறிவேப்பிலை. மிளகாய் கருத்தால் எண்ணெய் கெட்டது, எண்ணெய் கெட்டால் அதைக் கொட்டிய அண்டா முழுதும் கெட்டது. தாளிப்பு என்றால் கடைசியில் கொட்டுவது என்று சிலர் சொல்வார்கள். அரிசிம்பருப்புச் சாதத்துக்கு முதலிலேயே தாளித்து, அதன்மேல் தண்ணீர் ஊற்றி, அரிசியும் துவரம்பருப்பும் போட்டு வேகவிடுகிறோம். அதையும் தாளிப்பு என்றுதான் சொல்கிறோம். நேரம் கணக்கில்லை.

மனிதர்களைப் பற்றிப் பேசும்போதும் இந்தச் சொற்கள் தங்கள் குணத்தை விடுவதில்லை. மேனேஜர் வறுத்தெடுத்தார் என்றால் நிதானமாக, விடாமல், ஈரம் வற்றும்வரை. பொரிந்து தள்ளினார் என்றால் கடுகு மாதிரி, படபடவென்று ஒரே மூச்சில். தாளித்துவிட்டார் என்றால் கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஏர் ஃப்ரையரை மறக்கவில்லை. அதன் பெயரைப் பார்த்தால் பொரிப்பது மாதிரி இருக்கிறது. அதற்குள் நடப்பது சூடான காற்றைச் சுழலவிட்டு மேலீரத்தை ஓட்டுவது. உருளைக்கிழங்குச் சீவலைப் போட்டு மொறுமொறுவென்று எடுத்தால் வறுத்தது என்று தாராளமாகச் சொல்லலாம். கத்திரிக்காயை முழுசாக வைத்துத் தோல் கருக எடுத்தால் சுட்டது. வெங்காயத்தை அதில் வதக்கப் பார்க்காதீர்கள். காற்று முதலில் ஓரத்தை உலர்த்திவிடும், நடு விறைப்பாகவே நிற்கும். மாமியாருடைய குழம்புக்கு வடச்சட்டியே போதும்.